மூன்று என்று எண் போட்ட பூதம்

டெவன்போர்ட் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை, பகல் பதினொன்றேகாலுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், கெல்வின் டகன் ஐந்து பேரைக் கொன்றான். அந்த நேரம் முழுக்க அவன் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அப்படித்தான் உட்கார வேண்டும் என்பது விதி.

செத்தவர்கள் ஐவரும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய், கறிமசாலா போட்டுச் சிப்பிக்கறி அடைத்த 'ஸ்காலப் பை' என்ற பலகாரத்தை வாங்கி, மேலே தக்காளி சாஸ் ஊற்றித் தின்றார்கள். செத்தது அவர்கள் காகிதத்தில் வளர்த்து வந்த வீரர்கள். ஆனாலும் ஒரு வீரனை வருஷக்கணக்கில் வளர்த்தவனிடம் போய் "காகிதம்தானே" என்று சொல்லிப் பாருங்கள். சாஸ் பாட்டில் உங்கள் பக்கம் திரும்பும்.

ஆட்டம் ஒன்றும் சிக்கலானதல்ல. மேஜையைச் சுற்றி மூன்றிலிருந்து ஐந்து பேர், ஆளுக்கு ஒரு வீரன். ஒருவர் மட்டும் கதை நடத்துவார். மழை, மலை, சத்திரக்காரன், வழிமறிக்கும் பூதம் எல்லாமே அவர்தான். யார் அடித்தது பட்டது, யாருடையது படவில்லை என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும்; இருபது விழுந்தால் தப்பவே முடியாத அடி. ஒவ்வொரு வீரனுக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று தாளில் எழுதியிருக்கும். அது தீர்ந்தால் ஆளும் தீர்ந்தான். அல்வர்ஸ்டன் ஊரில், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பின் பின்னறையில் பதினோரு வருஷமாக ஞாயிறு மத்தியானங்களில் கெல்வின் கதை நடத்துகிறான். வாரநாட்களில் அவன் உருளைக்கிழங்குத் தொழிற்சாலையில், வருகிற லாரிக்கு ஒரு கூடை கிழங்கு எடுத்து, வெட்டிப் பார்த்துத் தரம் போடுகிறவன். அந்த வேலையில் அவனிடம் எந்த விவசாயியின் கெஞ்சலும் எடுபட்டதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவன் பெயர் கிழங்கு.

பதினோரு வருஷத்தில் அவன் சொந்தமாக நூற்றுக்கு மேல் பூதங்களைக் கற்பனை செய்திருந்தான். அதில் நாற்பதைப் பொறுக்கி, மெல்போர்னில் ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகப் போடுகிறது. ஒவ்வொரு பூதத்தின் பெயருக்குக் கீழும் ஒரு எண் உண்டு. மூன்று என்று போட்டிருந்தால், ஆடி ஆடித் தேறி மூன்றாம் படிக்கு வந்திருக்கும் நான்கைந்து வீரர்கள் அடிபட்டு, உருண்டு, மூச்சு வாங்கி, கடைசியில் ஜெயிப்பார்கள். யாரும் சாகமாட்டார்கள் என்று அர்த்தம். முகம் தெரியாத ஒருவர் பெர்த்திலோ டார்வினிலோ அந்த எண்ணை நம்பித்தான் தன் நண்பர்களை அந்தப் பூதத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். படம் மோசமாக இருந்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எண் மோசமாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையே பாழ்.

அதனால் அச்சுக்குப் போகும் முன் ஒரு சோதனை. எழுதியவன் தொடக்கூடாது. வேறொருவர் நடத்த வேண்டும், எழுதியவன் மூலையில் ஊமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஹோபார்ட்டிலிருந்து பெர்னிஸ் என்ற பள்ளிக்கூட டீச்சர் நடத்த வந்தாள். கதை நடத்துகிறவர்கள் வழக்கமாகத் தங்கள் முன்னால் ஒரு அட்டைத் தடுப்பு நிறுத்திக்கொண்டு அதன் பின்னால்தான் பகடை உருட்டுவார்கள். பெர்னிஸிடம் தடுப்பு இல்லை. எல்லோரும் பார்க்க மேஜை நடுவிலேயே உருட்டினாள்.

நாற்பதில் மாதிரிக்கு ஒன்றாகச் சோதனைக்கு எடுத்தது பாசிக்காளை. கடற்கரையில் அலை ஒதுக்கிய பாசிக் குவியல் மாதிரி கிடக்கும். பக்கத்தில் போனால் எழுந்துகொள்ளும். அதன் முதுகிலிருந்து நீளும் பாசிப் பட்டை யார் மேல் பட்டாலும் அவர் ஒரு சுற்று முழுக்கக் கட்டுண்டு கிடக்க வேண்டும், சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியாது. எண் மூன்று. முதல் சுற்றில் மூன்று பேரைக் கட்டிப்போட்டது. மிச்சமிருந்த இரண்டு பேரை முட்டியது. இரண்டாவது சுற்றில் அவிழ்ந்தவர்களை முட்டி, முட்டு வாங்கியவர்களைக் கட்டியது. கெல்வினின் தொடைக்கடியில் விரல்கள் மரத்துப்போயின. ஒரு இருபது விழுந்தபோது அவனுக்குத் தன்னையறியாமல் கை எழுந்தது. பெர்னிஸ் பார்த்த பார்வையில் திரும்பவும் உட்கார்ந்துகொண்டது.

கடைசியாகச் செத்தது நாரிஸ் என்பவரின் வீரன். நாரிஸ் கடலைக் கடந்து போகிற கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு நான்கு முறைதான் ஆட உட்கார முடியும். ஏழு வருஷம் பாடுபட்டு மூன்றாம் படிக்கு வந்திருந்தார். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேராகக் கெல்வினிடம் வந்து கைகொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. அந்தப் பாசி நாத்தத்தைக்கூட எழுதியிருந்தீங்க பாருங்க, அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

திட்டியிருந்தால் கெல்வின் அன்றைக்குத் தூங்கியிருப்பான்.

பெர்னிஸிடம் எப்படி இருந்தது என்று கேட்டான். சீக்கிரம் முடிஞ்சுது, அதனால எனக்கு முன்னாடி பஸ்ஸே கிடைச்சிடும் என்று அவள் சொன்னாள். ஹோபார்ட்காரர்கள் மரியாதையானவர்கள்.

திங்கட்கிழமை காலை பதிப்பகத்துக்குப் போன் போட்டான். ஃபிலிப்பா என்ற பெண்தான் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் பதறவில்லை. பகடை ஒருநாள் காலை வாரும், அது சகஜம் என்றாள். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும், அப்புறம் புத்தகம் அச்சுக்குப் போய்விடும். போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டாள்.

"நாற்பதையும் உங்க குழுவுலதானே சோதிச்சீங்க? இது ஒண்ணு தப்புன்னா, மத்த முப்பத்தொம்பது?"

கெல்வின் சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டான். சிக்னல் பிரமாதமாக இருந்தது.

விஷயம் இதுதான். பூதத்துக்கு எண் போடச் சூத்திரம் உண்டு. எத்தனை உயிர்ப்புள்ளி, ஒரு சுற்றில் எத்தனை அடி, கூட்டு, வகு, வந்துவிடும். ஆனால் ஒருவன் கையைக் கட்டிப்போட்டால் அவன் அடிக்க வேண்டிய அடியும் சேர்ந்து போய்விடுகிறது என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. அதை மேஜையில் ஆடித்தான் பார்க்க வேண்டும். கெல்வினும் மார்ச் மாதம் ஆடித்தான் பார்த்தான். அவன் ஆட்கள் மூன்று பேரும் தங்கள் பழைய மூன்றாம்படித் தாள்களைத் தூசி தட்டி எடுத்து வந்தார்கள். மூன்றே பேர்தான் என்பதால் கணக்குக்கு இரண்டு கூலிவீரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அடிபட்டார்கள், உருண்டார்கள், மூச்சு வாங்கினார்கள், ஜெயித்தார்கள். சூத்திரம் மூன்று என்றது, மேஜையும் மூன்று என்றது.

மேஜை சொன்னதா, கெல்வின் சொல்லவைத்தானா என்பதுதான் இப்போது கேள்வி.

கெல்வினிடம் அட்டைத் தடுப்பு உண்டு. அதன் பின்னால் அவன் எப்போதாவது ஒரு பகடையைக் கொஞ்சம் திருத்திச் சொல்வதுண்டு. இது தொடங்கியது பத்து வருஷத்துக்கு முன்னால். குழுவில் ஹெஸ்டர் என்று ஒருத்தி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அண்ணனைப் புதைத்த எட்டாம் நாள் அவள் ஆட வந்து உட்கார்ந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு ஒரு ஓநாய் அவளுடைய திருடி வீராங்கனை மேல் பாய்ந்தது. தடுப்புக்குப் பின்னால் பகடை இருபது காட்டியது. கெல்வின் "நாலு" என்று சொல்லி, ஓநாயைக் காலிடறி விழவைத்தான். உலகத்தில் யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு பொய்.

அதற்கப்புறம் எத்தனை முறை? கெல்வினுக்குத் தெரியவில்லை. எப்போதாவது என்று நினைத்துக்கொண்டிருந்தான். இந்த வாரம் உட்கார்ந்து யோசித்தால், எப்போதாவது என்பது எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றே பிடிபடவில்லை. மார்ச் மாதம் அந்தக் காளை முட்டிய முட்டுகளில் எது பகடை சொன்னது, எது தான் சொன்னது? கண்ணாடி போடுகிறவனுக்கு அது மூக்கில் இருப்பதே மறந்துபோவது மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அன்று சாயங்காலமே சமையலறை மேஜையில் தனியாகவே ஆடிப் பார்த்தான். ஒரு பக்கம் காளை, மறுபக்கம் மூன்று பேரின் தாள்கள், கூலிவீரர்கள், நடுவில் பகடை, எதிரே பூனை. ஏமாற்ற யாருமில்லை, ஏமாற ஆளுமில்லை. இரண்டாவது சுற்றில் பகடை தாளின் ஓரத்தில் லேசாகச் சாய்ந்து நின்றது. இது செல்லாது என்று மறுபடி உருட்டினான். நான்காவது சுற்றில் பகடை சமமாகத்தான் விழுந்தது. பூனை மூச்சு விட்டதில் புரண்டிருக்கும் என்று மறுபடி உருட்டினான். பூனை எழுந்து போய்விட்டது. கெல்வின் தாள்களை அடுக்கி வைத்தான்.

கேட்பதுதான் வழி. அந்த மேஜையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அடி எப்படி விழுந்தது என்று தெரியும். ஆனால் எப்படிக் கேட்பது? நான் பொய் சொன்னேனா என்று கேட்டால், சொன்னேன் என்று ஆகிவிடும். பதினோரு வருஷம் அவர்கள் ஜெயித்ததெல்லாம் அந்த நிமிஷமே சந்தேகத்துக்குரியதாகிவிடும். புத்தகத்தில் நாற்பது எண்ணைச் சரிசெய்ய, மூன்று பேரின் பதினோரு வருஷத்தைக் கெடுக்க வேண்டும். ஆகவே கெல்வின் சுற்றி வளைத்துக் கேட்பது என்று முடிவு செய்தான். சுற்றி வளைப்பதில் அவனுக்கு இருந்த ஒரே குறை, அதை எல்லோரும் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார்கள் என்பது.

முதலில் ஈவோவின் மருந்துக்கடைக்குப் போனான். ஈவோ குழுவின் மந்திரவாதி. பேச்சில் மில்லிகிராம் பிசகாதவன். தேவையில்லாத இருமல் மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கிவிட்டு, மார்ச் மாதம் அந்தக் காளை கொஞ்சம் சுலபமாகப் போய்விட்டதோ என்று கெல்வின் தற்செயலாகக் கேட்டான். ஈவோ மிட்டாய்ப் பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருந்ததை ஆழ்ந்து படித்தான். எல்லாச் சண்டையும் சூழ்நிலையைப் பொறுத்தது என்றான். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்பதும் முக்கியம் என்றான். அறைக்குள் ஆடிய ஆட்டத்துக்குக் காற்று எதற்கு என்று கெல்வின் கேட்கவில்லை. இருமல் மிட்டாய்க்குக் காசு வேண்டாம் என்று ஈவோ சொன்னது வேறு உறுத்தியது.

ஹெஸ்டரைப் பஸ் நிற்குமிடத்தில் பிடித்தான். பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"மார்ச்சுல மழை," என்றாள் ஹெஸ்டர். "வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல, கெல். நீ ஒழுங்கா சாப்பிடுறியா?"

பஸ் கதவு மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை அவன் வீட்டு வெந்நீர்த் தொட்டி தானாகவே ஒழுக ஆரம்பித்தது, அதாவது கெல்வின் ஒரு திருகாணியைத் தளர்த்திய பிறகு. டூகல் வந்தான். டூகல் பிளம்பர், ஆட்டத்தில் கோடாரி வீரன். அவனுக்கு ஒரு பெருமை உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பறக்கும் தீப்பாம்பை, மற்ற இருவரும் விழுந்து கிடக்கையில், தன்னந்தனியாகக் கடைசி வெட்டில் கொன்றான். அது அவன் வேனின் பின்கதவில் வரைந்திருக்கிறது. பாம்பின் வாயில் ஒரு ஸ்பானர். மதுக்கடையில் யாராவது புதிதாக வந்தால் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான். அவன் பெண்டாட்டி பிரிந்துபோன வருஷம் அது. வேறு எதுவும் அவன் ஜெயிக்காத வருஷம்.

அந்தக் கடைசி வெட்டுக்குப் பிறகும் தீப்பாம்புக்கு இன்னும் முப்பது உயிர்ப்புள்ளி மிச்சமிருந்தது. இந்த ஒன்று மட்டும் கெல்வினுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

டூகல் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு திருகாணியைத் தொட்டதுமே சிரித்தான்.

"ஏன்டா கிழங்கு, இது ஒழுகலடா. யாரோ கழட்டியிருக்காங்க. வீட்டுல எலி ஸ்பானர் வெச்சிருக்குதா?"

கெல்வின் டீ போட்டான். பூதங்களைப் பற்றிப் பேச்செடுத்தான். நம்ம ஆடின சண்டையிலேயே எது ரொம்பக் கஷ்டம், எது அவ்வளவு கஷ்டமில்ல என்று ஆரம்பித்தான். டூகலின் முகம் மலர்ந்தது. தொட்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, ஸ்பானரைக் கோடாரியாகப் பிடித்து, தீப்பாம்புக் கதையை முதலிலிருந்து சொன்னான். அது மூச்சு விட்டது, இவன் உருண்டது, சுவர் பொசுங்கியது. சொல்லும்போது அவனுக்கு நெற்றியில் வேர்த்தது. ஜூன் மாதம், அங்கே குளிர்காலம், வெளியே கடல்காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. கெல்வின் தலையாட்டிக்கொண்டே கேட்டான். கேட்க வந்த கேள்வியை டீயோடு விழுங்கிவிட்டான்.

வாசலில் போகும்போது டூகல் திரும்பினான்.

"வேற ஏதாவது கேக்கணுமாடா?"

"இல்லையே," என்றான் கெல்வின்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்குக் கிளப்புப் பின்னறையில் கெல்வின் தடுப்பில்லாமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் பத்து மணிக்குள் ஃபிலிப்பாவுக்குச் சொல்லியாக வேண்டும். கேட்கத் துணிவில்லாவிட்டால் ஆடிக் காட்டுவது. பகடையை மேஜை நடுவில், பெர்னிஸ் மாதிரி, எல்லோர் கண்ணெதிரே உருட்டுவது. பகடை சொன்னதுதான் சொன்னது. சாவார்களானால் சாகட்டும், அந்த எண்ணை எழுதி அனுப்பிவிடலாம். மார்ச் மாதத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த வழி, அவனுக்கே அதில் கொஞ்சம் கர்வம்.

மூவரும் வந்தார்கள். மேஜையின் வெறுமையைப் பார்த்து ஒரு கணம் நின்றார்கள்.

"உன் அட்டை எங்கடா?" என்றான் டூகல். "கரையான் தின்னுடுச்சா?"

வெளிச்சம் பத்தல என்றான் கெல்வின். பாசிக்காளையை இன்னொரு தடவை, அதே மூன்றாம்படித் தாள்களை வைத்து, சும்மா ஒரு தடவை என்றான். மறுபடியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஹெஸ்டர் பையிலிருந்து தன் தாளை எடுத்தாள். ஈவோ பென்சிலைச் சீவினான். அவர்கள் அந்தத் தாள்களைக் கேட்காமலே கொண்டுவந்திருந்தார்கள் என்பது கெல்வினுக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் சுற்றில் ஈவோவையும் ஒரு கூலிவீரனையும் பாசி கட்டியது. பகடையை எல்லோரும் பார்த்தார்கள். ஈவோ கையைக் கட்டிக்கொண்டான். ஹெஸ்டர் வீசிய கத்தி படவில்லை. டூகல் ஒரு வெட்டு வெட்டினான், நல்ல வெட்டுதான். காளை திரும்பி இரண்டு கூலிவீரர்களையும் ஒரே முட்டில் காலி பண்ணியது. இரண்டாவது சுற்றில் ஈவோ அவிழும் முன்பே ஹெஸ்டரும் கட்டுண்டாள். டூகல் ஒருவன்தான் நின்றான். அவனிடம் பதினான்கு உயிர்ப்புள்ளி இருந்தது.

கெல்வின் பகடையை உருட்டினான். இருபது. அடியின் கனத்துக்கான பகடைகளை உருட்டினான். கூட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் கூட்டினான். இருபத்தாறு. வெள்ளை மேஜையில், நான்கு பேர் கண்ணெதிரே, ஜன்னல் வெளிச்சத்தில்.

அவன் வாயைத் திறந்தான். டூகலின் முகத்தைப் பார்த்தான்.

"காளை பாய்ஞ்சு வருது," என்றான் கெல்வின். "வர்ற வேகத்துல... பாறையில ஈரம் இருக்கு. கால் வழுக்குது. பக்கத்துல இருக்கற பாறையைப் போய் முட்டிடுது."

வெளியே யாரோ புல்தரையில் பந்து உருட்டுவது கேட்டது.

"அதுக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள் ஹெஸ்டர், தாளைப் பார்த்துக்கொண்டே.

"பாசி வழுக்கும்தான்," என்றான் ஈவோ அவசரமாக. "அதோட சொந்தப் பாசியே வழுக்கலாம். நடக்கக்கூடியதுதான்."

கெல்வின் மேஜை மேல் கிடந்த இருபதைப் பார்த்தான். தடுப்பு இல்லை, ஒளிவதற்கு இடமில்லை, அப்படியும் ஒரு பாறையைக் கண்டுபிடித்துவிட்டான். சிரிப்பு வரும் போலிருந்தது. வந்தது வேறு எதுவோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைக்க அதில் ஒன்றுமில்லை. டெவன்போர்ட்டில் ஒரு மனிதர் தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டதைச் சொன்னான். நாளைக் காலை பத்து மணி என்பதைச் சொன்னான். பெயர் தெரியாத ஊர்களில் முகம் தெரியாதவர்கள் தன் எண்ணை நம்பி உட்காரப்போவதைச் சொன்னான். அதற்கப்புறம், அந்த வாரம் முழுக்கச் சுற்றி வளைத்ததை நேராகவே கேட்டான்.

"மார்ச்சுல நான் பகடையில விழுந்ததை அப்படியே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? எனக்குத் தெரியல. நிஜமாவே தெரியல. உங்கள்ல யாராவது சொல்லுங்க."

ஈவோ பென்சிலைப் பார்த்தான். ஹெஸ்டர் டூகலைப் பார்த்தாள். டூகல் தன் தாளைப் புரட்டி முதுகுப்பக்கம் வைத்தான்.

"இந்த ஒரு வாரமா நீ மருந்துக்கடைக்கும் பஸ்ஸுக்கும் என் திருகாணிக்கும் அலைஞ்சது இதுக்குத்தானே," என்றான். குரலில் கேலி இல்லை. "நாங்க மூணு பேரும் போன்ல பேசிக்கிட்டோம். நீ கேட்டாத்தான் சொல்றதுன்னு வெச்சிருந்தோம். கேக்காம சொன்னா உனக்குத் தாங்காதுன்னு ஹெஸ்டர் சொன்னா."

"சொல்லு," என்றான் கெல்வின்.

"பதினோரு வருஷத்துல எனக்கு எத்தனை அடி விழுந்திருக்கும்? நூத்துக்கணக்குல. அதுல சாகற மாதிரி விழுந்த அடி ஒவ்வொண்ணும் என்னை ஒரே ஒரு புள்ளியில நிறுத்தியிருக்கு. ரெண்டு இல்ல, மூணு இல்ல. பதினஞ்சு இருந்தா அடி பதினாலு. எட்டு இருந்தா அடி ஏழு. நான் பிளம்பர்டா கிழங்கு. அளவு பார்த்துத்தான் குழாய் வெட்டுறேன். அவ்வளவு கச்சிதமா எந்தப் பகடையும் விழாது."

கெல்வின் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "அந்தத் தீப்பாம்பு..." என்று ஆரம்பித்தான்.

"அதுவும்தான். அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்க?"

"நல்ல கதைடா அது. நீ சொன்ன கதைதானே." டூகல் மேஜையில் கிடந்த இருபதை எடுத்துக் கெல்வின் முன்னால் அப்படியே வைத்தான், இருபது மேலே தெரியும்படி. "இங்க எங்களைக் காப்பாத்து, யாரு வேண்டாம்னா. ஆனா அந்தக் கப்பல் சமையல்காரன் மாதிரி ஆளுங்களுக்குக் கதை நடத்த நீ போகப்போறதில்ல. அவங்களுக்கு உன் எண்ணு மட்டும்தான் போகும். அதுல பொய் சொல்லாத."

"அப்ப மார்ச்சுல?"

"மார்ச்சுல ரெண்டாவது சுத்துல எனக்கு ஒரே புள்ளி மிச்சம், அப்படின்னா நான் செத்தேன். மூணாவதுல ஈவோ. ஹெஸ்டர் ஓடியிருப்பா, அவளையும் பாசி பிடிச்சிருக்கும். எல்லாரும் செத்துட்டோம் கிழங்கு. மூணு இல்ல. ஆறு போடு."